ஏழு நான்கான திங்கட்கிழமை

திங்கட்கிழமை, காலை 10.20.

சிதம்பரம் புறவழிச்சாலையை ஒட்டிய ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. இரண்டாம் மாடி ஆய்வகத்தில், திருச்சியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கணினித் திரையைப் பார்த்தார். சுவரில் விழுந்திருந்த படத்தைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

“படத்துல ஏழு இருக்கு. மெஷின்ல நாலு இருக்கு. மூணு படகு எங்கம்மா போச்சு?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வினோதினி சிரிக்கவில்லை. ஐந்து வருட ஆராய்ச்சியை முடித்து முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்காக அவள் நின்றுகொண்டிருந்தாள். கடலில் ஆபத்தில் மாட்டிய படகுகள் அனுப்பும் அழைப்புகளை ஒன்றுகூட விடாமல் எண்ணிவைக்கும் ஒரு சிறு கணினியை அவள் வடிவமைத்திருந்தாள். போன வியாழக்கிழமை அது ஏழு அழைப்புகளை எண்ணியிருந்தது. அதற்குச் சாட்சி அந்தப் படம். இன்றைக்கு அதே இயந்திரத்தை அதே இடத்திலிருந்து ஓட்டிக் காட்டியபோது, திரையில் நான்கு என்றிருந்தது.

அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் ஞானசேகரன் எழுந்தார். தன் அறையின் இரும்பு பீரோவைத் திறந்து, அரக்கு முத்திரை வைத்த காக்கி உறை ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்குள் ஒரு பென்டிரைவ். வியாழக்கிழமை மாலையே எடுத்துப் பூட்டி வைத்த நகல். எல்லோர் முன்னாலும் உறையைக் கிழித்து, நகலை ஏற்றினார்.

அதிலும் நான்கு.

பகல் 12.05-க்குத் தேர்வாளர் தன் குறிப்பில் ஒரு வரி எழுதினார்: ‘முடிவு புனையப்பட்டதாக ஐயம்.’ வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு விசாரணைக் குழு கூடும் என்று முதல்வர் அறிவித்தார். குற்றம் உறுதியானால் வினோதினியின் ஆராய்ச்சிப் பதிவு ரத்தாகும். ஜூனில் கடலூரில் சேரவிருந்த விரிவுரையாளர் வேலையும் அதோடு போகும்.

மறுநாள் காலை அவள் கடலூருக்குப் பஸ் ஏறி, சைபர் குற்றப் பிரிவில் ஒரு பக்கப் புகார் கொடுத்தாள். ‘என் கோப்பை யாரோ மாற்றிவிட்டார்கள்.’

*

வெள்ளிக்கிழமை, காலை 10.15.

உதவி ஆய்வாளர் எழிலரசி ஆய்வகத்துக்குள் வந்தபோது அவளிடம் நாலே முக்கால் மணி நேரம் இருந்தது. கூட வந்த ஏட்டு திருநாவுக்கரசு, திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கடுப்பில் இருந்தார். கேட்பதையெல்லாம் பால்பாயின்ட் பேனாவால் இடது உள்ளங்கையில் குறித்துக்கொள்வார். உட்கார இடம் கிடைத்ததும் சட்டைப்பை நோட்டில் ஏற்றுவார். இருபத்தாறு வருடப் பழக்கம்.

“மொதல்லேருந்து சொல்லு” என்றாள் எழிலரசி. “எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும். ஒன்னோட கம்ப்யூட்டர் தெரியாது.”

“என்னோடது இன்னும் பொறக்கவே இல்ல மேடம்” என்றாள் வினோதினி. அழுது ஓய்ந்த முகம். “அத செஞ்சு பாக்க ஏகப்பட்ட செலவாகும். அதனால இந்தப் பெரிய கம்ப்யூட்டருக்குள்ள அத அப்படியே நடிக்க வைக்கிறோம். சிமுலேட்டர். உள்ள இருக்குற மெஷினுக்கு அது நடிப்புன்னு தெரியாது. அதுக்குன்னு மெமரி இருக்கு, கடிகாரம் இருக்கு, திரை இருக்கு.”

“இல்லாத கம்ப்யூட்டர்லேருந்து காணாமப்போன மூணு படகு” என்றார் திருநாவுக்கரசு. “எஃப்.ஐ.ஆர்ல எப்படிம்மா எழுதுறது?”

எழிலரசி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

“ஒரே கஷ்டம், ரொம்ப மெதுவா ஓடும்” என்று வினோதினி தொடர்ந்தாள். “வெளிய ஒரு மணி நேரம் ஓடுனா உள்ள ஒரு செகண்ட். நான் போட்ட ஓட்டம் ஒம்போது நாள். உள்ள மூணு நிமிஷம் முப்பத்தாறு செகண்ட்.”

“கரெண்டு போனா?”

“எல்லாம் போயிடும். அதுக்குத்தான் செக்பாயின்ட். அந்த நிமிஷம் மெமரில என்னென்ன இருக்கோ அத்தனையும் ஒரு ஃபைலா எறக்கிடலாம். பத்து நாள் கழிச்சு ஏத்துனாலும் விட்ட எடத்துலேருந்து ஓடும். நடுவுல நாள் போனதே அந்த மெஷினுக்குத் தெரியாது.”

போன வியாழன் சிதம்பரத்தில் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்நிறுத்தம். அன்றைக்குத்தான் காடாம்புலியூரில் வினோதினியின் தம்பிக்கு நிச்சயதார்த்தம். அதனால் 8.50-க்குத் தானாகவே நின்று சேமித்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்துவிட்டு அவள் புதன் மதியமே ஊருக்குப் போய்விட்டாள். நின்ற திரையை ஒரு படம் எடுத்து அனுப்பும்படி ஆய்வக உதவியாளர் அய்யனாரிடம் சொல்லியிருந்தாள்.

“ஏழுதான் வரும்னு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாது மேடம். மொத்தம் பன்னண்டு படகு. எது எப்பக் கூப்பிடும்னு யாருக்குமே தெரியாது, எனக்கும் தெரியாது. அதுதானே சோதனை. சேமிக்கிற நேரத்துல ரெண்டும் இருக்கலாம், பதினொண்ணும் இருக்கலாம்.”

அவள் கைபேசியை நீட்டினாள். அய்யனார் அனுப்பிய படம். அனுப்பிய நேரம் வியாழன் காலை 8.52. கறுப்புத் திரையில் இரண்டே வரி. உள்கடிகாரம் 03.36. எண்ணிக்கை 7.

“இத எப்பப் பாத்த?”

“விசேஷ வீட்டுல போனத் தொடவே நேரமில்ல. சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் தொறந்தேன்.”

“யாருக்காவது அனுப்புனியா? சொன்னியா?”

“இல்ல மேடம். திங்கக்கிழமை எல்லாருக்கும் காட்டலாம்னு வச்சிருந்தேன்.” கைபேசியைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். “காட்டுனேன்.”

கெட்டுப்போன கோப்பை ஏற்றிக் காட்டச் சொன்னாள் எழிலரசி. பத்து நிமிடம் ஆயிற்று. அதே கறுப்புத் திரை வந்தது. உள்கடிகாரம் 03.36. எண்ணிக்கை 4. எழிலரசி இரண்டு வரிகளையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

“உனக்கு யார் மேல சந்தேகம்?”

வினோதினி தயங்கவில்லை. “அருள்முருகன். எனக்கு அடுத்த வருஷம் சேர்ந்தவன். புதன்கிழமை காலைல என் திரையில நாலுதான் இருந்துச்சு. அந்தப் பழைய நிலைய எடுத்து வச்சிருந்து, என் ஃபைல் மேல போட்டுட்டான்.”

*

காலை 11.05.

அய்யனாருக்கு ஐம்பது வயதிருக்கும். கழற்றிய மின்விசிறி ஒன்று மேசையில் கிடந்தது. திருகாணிகள் மூன்று காக்கி உறைகளில் அளவு வாரியாகப் பிரித்துப் போடப்பட்டிருந்தன. உறை ஒவ்வொன்றின் மேலும் பச்சை மையில் வினோதினியின் பெயரும் இரண்டு எண்களும். 01.20, 0. அடுத்ததில் 02.48, 2. மூன்றாவதில் 03.36, 7. அந்த மூன்றாவதின் ஓரத்தில் சிவப்பு அரக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

“உறையெல்லாம் ஏதுங்க?”

“குப்பக்கூடையில போடுவாங்க மேடம். நல்ல காக்கி. திருகாணி ஒண்ணொண்ணும் எங்க உருண்டு போவுதுன்னே தெரியாது, இதுல போட்டா நிக்கும்.” அவர் சிரித்தார். “ஒரே பென்டிரைவுதான். புதுசு ஏத்துனா பழசு அழிஞ்சிடும். உறை மட்டும் எனக்கு மிச்சம்.”

“வியாழக்கிழமை என்ன பண்ணீங்க?”

“எட்டேமுக்காலுக்கு வந்தேன். அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி திரை நின்னதும் போட்டோ எடுத்து அனுப்புனேன். ஒடனே கீழ ஜெனரேட்டர் ரூமுக்குப் போயிட்டேன். ஒம்போதுக்கு டான்னு கரெண்டப் புடுங்கிட்டான். ஜெனரேட்டர்ல டீசல் அடி மட்டம். ஊத்தி, பைப்புல காத்தெடுத்து, அது கெளம்பி முடிக்க ஒம்போதே கால்.”

“மேல வந்தப்போ?”

“நான் கீழ இருக்குறப்போ யூபிஎஸ் கத்துற சத்தம் மாடியிலேருந்து கேட்டுச்சு. லோடு ஜாஸ்தியானா கத்தும். மேல வந்தா சத்தமில்ல. வினோதினிப் பொண்ணு மெஷின் ஆஃப் ஆயிருந்துச்சு. பெரிய சார், ஞானசேகரன் சாரோட மெஷின் மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு. அதுவும் அதே யூபிஎஸ்தான்.”

“ஏழுன்னு போட்டோ எடுத்தத யார்கிட்டயாவது சொன்னீங்களா? பேராசிரியர்கிட்ட?”

“அவர்கிட்டயா? பதினாலு வருஷமா நான் ஸ்டூலத் தூக்கிக்கிட்டு அவர் பின்னாடி அலையுறேன். என் பேர அவரு அய்யாக்கண்ணுன்னு நெனச்சிக்கிட்டிருக்காரு. அவர்கிட்ட நான் போயி ஏழு எட்டுன்னு சொல்லுவனா?”

ஆய்வகச் சாவி மூவரிடம் இருந்தது. அய்யனார், அருள்முருகன், ஞானசேகரன்.

*

காலை 11.40.

அருள்முருகன் பக்கத்து ஊரான கிள்ளையைச் சேர்ந்தவன். நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தான்.

“வியாழக்கிழமை எத்தன மணிக்கு வந்த?”

“பதினொண்ணு இருக்கும் மேடம். கரெண்டு இல்லாத நாளு, சீக்கிரம் வந்து என்ன செய்யப்போறேன்.”

“வினோதினியோட பழைய செக்பாயின்ட் ஒங்கிட்ட இருக்கா?”

“இல்ல.”

“ஏட்டய்யா, அந்தத் தம்பி கம்ப்யூட்டரக் கழட்டுங்க. கடலூருக்குக் கொண்டு போவலாம்.”

“இருக்கு மேடம்” என்றான் உடனே. “ஒண்ணு இருக்கு. புதன்கிழமை காலைல அக்கா காபி குடிக்கப் போனப்போ எடுத்தேன். என் ஓட்டத்த மொதல்லேருந்து போட எனக்கு எட்டு நாளு ஆவும். அக்காவோடதுலேருந்து கெளம்புனா அந்த எட்டு நாளும் மிச்சம். திருட்டுதான். ஆனா அத அவங்க ஃபைல் மேல போடல. சத்தியமா போடல.”

வினோதினி வாசலில் நின்றிருந்தாள். “காபி குடிக்கப் போன கேப்புலயாடா? காலைல எனக்கு எதுக்கு அம்மாம் பெரிய டம்ளர்ல காபி வாங்கிக் குடுத்தன்னு இப்பத்தான் தெரியுது.”

“இருபத்தாறு நிமிஷம் ஆச்சுக்கா அது எறங்கி முடிக்க. எனக்கு உசுரே போயிடுச்சு.”

அவன் எடுத்து வைத்திருந்ததை ஏற்றச் சொன்னாள் எழிலரசி. கறுப்புத் திரை. எண்ணிக்கை 4.

“பாத்தீங்களா மேடம்!” என்றாள் வினோதினி.

எழிலரசி மேல் வரியையும் பார்த்தாள். உள்கடிகாரம் 03.11. இதையும் எழுதிக்கொண்டாள். பிறகு அருள்முருகனிடம் கேட்டாள்.

“வியாழக்கிழமை சாயந்திரம் நகல் எடுத்து சீல் வச்சப்போ நீ கூட இருந்தியா?”

“அஞ்சேகாலுக்கு கரெண்டு வந்துச்சு. அஞ்சரைக்கு சீல் வச்சோம். நானும் அய்யனார் அண்ணனும் உறையோட பின்பக்கம் ஒட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டோம். முன்பக்கத்த நான் பாக்கல.”

*

பகல் 12.20.

பேராசிரியர் ஞானசேகரனின் அறையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. எழிலரசி நீட்டிய விசாரணைப் படிவத்தைப் படித்துப் பார்த்து, பச்சை மைப் பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார்.

“வியாழக்கிழமை நான் கடலூர்ல ஒரு மீட்டிங். ஆன் டியூட்டி. காலைல ஏழரை பஸ்ஸுக்குப் போனேன். திரும்பி வர நாலு மணி ஆயிடுச்சு.”

“காலைல ஆய்வகத்துக்கு வரல?”

“எப்படிம்மா வர முடியும்? பஸ்ல இருக்கேன்.”

“சாயந்திரம் நகல் எடுத்தப்போ, ஏத்திப் பார்த்தீங்களா சார்?”

“இல்ல. ஃபைல அப்படியே காப்பி பண்ணி, சீல் வச்சு, பீரோல பூட்டுனேன். சாவி என் இடுப்புல. வேற சாவி கெடையாது.”

“வினோதினிகிட்ட அன்னிக்குப் பேசுனீங்களா?”

“வீட்டு விசேஷத்துல இருக்குற பொண்ண எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? திங்கக்கிழமைதான் பார்த்தேன்.” அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் ஒண்ணு சொல்றேன், எழுதிக்குங்க. அந்த ஏழுங்கிற நம்பரையே நான் திங்கக்கிழமை அவ போட்டோலதான் மொதல்மொதலா பாக்குறேன். எனக்கு முன்னாடி யார் பார்த்தாங்கன்னு தெரியாது. நல்லாப் படிக்கிற பொண்ணு. அவசரப்பட்டுட்டாளோ என்னவோ.”

எழிலரசி எழுதிக்கொண்டாள். படித்துக் காட்டினாள். அவர் அதன் கீழும் கையெழுத்திட்டார்.

வெளியே வந்ததும் ஏட்டு, பேராசிரியர் போன கூட்டத்தைப் பற்றிக் கடலூருக்குப் போன் போட்டுக் கேட்டார். பதிலை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

*

பகல் 1.30.

கல்லூரிக்கு எதிரே இருந்த மெஸ்ஸில் சாப்பிட்டு முடித்தார்கள்.

“அந்த மீட்டிங் எத்தன மணிக்காம் ஏட்டய்யா?”

திருநாவுக்கரசு உள்ளங்கையை விரித்தார். கை சுத்தமாக இருந்தது. சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்.

“அடச்சே. நோட்டப் பாருங்க மேடம்.”

நோட்டில் அய்யனார் சொன்னது இருந்தது. அருள்முருகன் சொன்னது இருந்தது. அதற்குப் பிறகு இல்லை. கடைசியாகக் கேட்ட மூன்று விஷயமும் உள்ளங்கையோடு போய்விட்டன.

“திரும்பப் போன் போட்டுடுறேன். கோவிச்சுக்காதீங்க.”

எழிலரசி கோபித்துக்கொள்ளவில்லை. நோட்டுப் பக்கத்தின் மேலே பார்த்தாள். அதில் இன்றைய தேதி சரியாக இருந்தது. பக்க எண் சரியாக இருந்தது. கடைசி மூன்று மட்டும் இல்லை. நோட்டை யாரும் மாற்றவில்லை. பழைய நோட்டைக் கொண்டுவந்து யாரும் வைக்கவில்லை.

அவள் சாலையைக் கடந்து ஆய்வகத்துக்கு விரைந்தாள்.

“வினோதினி, ஒன்னோட மெஷினுக்கு உள்ளங்கை மாதிரி ஏதாவது இருக்கா? மெமரில எழுதுறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வச்சிக்கிற எடம்?”

“கேச் மேடம். அடிக்கடி மாறுற நம்பரையெல்லாம் அதுலதான் வச்சிக்கும். அப்புறமா சாவகாசமா மெமரிக்கு எறக்கும்.”

“செக்பாயின்ட் போடுறப்போ அதையும் சேத்து சேமிக்குமா?”

“இல்ல. மொதல்ல அதுல இருக்குற எல்லாத்தையும் மெமரிக்கு எறக்கிக் காலி பண்ணும். அதுக்கு சில நாள் பத்து நிமிஷம் ஆவும், சில நாள் நாப்பது. காலியானப்புறம்தான் மெமரிய சேமிக்கும்.”

“காலியாவுறதுக்கு முன்னாடி யாராவது சேமிச்சா?”

“தானா அப்படிச் சேமிக்கவே சேமிக்காது. யாராவது பக்கத்துல உக்காந்து, உடனே சேமின்னு கட்டாயப்படுத்தி…” வினோதினி நிறுத்தினாள். அவள் கண்கள் திரைக்குப் போயின. “கடிகாரம். கடிகாரம் கேச்சுல கெடையாது. அது தனி.”

“உங்க ஆய்வகத்துல சீல் வைக்கிற உறை மேல என்ன எழுதுவீங்க?”

“உள்கடிகாரமும் எண்ணிக்கையும். சாரோட விதி. எழுதாம அவரு சீல் வைக்கவே மாட்டாரு.”

எழிலரசி அய்யனாரிடம் போய், அரக்கு ஒட்டிய உறையிலிருந்த திருகாணிகளை மேசையில் கொட்டச் சொன்னாள்.

*

மாலை 3.00.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். முதல்வர், வேறொரு துறைத் தலைவர், திருச்சித் தேர்வாளர். பக்கத்தில் ஞானசேகரன். எதிரே வினோதினி. அருள்முருகனும் அய்யனாரும் சுவரோரம்.

“அஞ்சு நிமிஷம் பேசலாமா?” என்றாள் எழிலரசி. முதல்வர் தலையசைத்தார்.

“வினோதினியோட கோப்பை யாரோ மாத்திட்டாங்கங்கிறது புகார். புதன்கிழமை எடுத்த பழைய நகலை மேல போட்டாங்கன்னு சந்தேகம். ரெண்டுலயும் நாலு. ஆனா எல்லாரும் கீழ் வரியை மட்டும் பார்த்தீங்க. பழைய நகல்ல உள்கடிகாரம் 03.11. கெட்டுப்போன கோப்புல 03.36. வியாழக்கிழமை போட்டோவுலயும் 03.36. பழச மேல போட்டிருந்தா கடிகாரமும் பழசாத்தான் இருக்கணும். இதுல கடிகாரம் புதுசு, எண்ணிக்கை பழசு.”

தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கேச்.”

“ஆமா சார். இந்தக் கோப்பை யாரும் மாத்தல. பொறக்கும்போதே கொறையாத்தான் பொறந்துச்சு. அதனாலதான் பீரோவுக்குள்ள பூட்டி வச்ச நகலும் அதே மாதிரி இருந்துச்சு. வியாழக்கிழமை 8.50-க்கு மெஷின் நின்னு, கேச்சைக் காலி பண்ண ஆரம்பிச்சுது. ஒம்போதுக்கு கரெண்டு போச்சு. ஜெனரேட்டர் கிளம்பல. ரெண்டு மெஷினை ஒரு யூபிஎஸ் தாங்காம கத்துச்சு. யாரோ ஒருத்தர் வினோதினியோட மெஷின்ல உக்காந்து, காத்திருக்காம உடனே சேமிக்கச் சொல்லி, அணைச்சுட்டார். அஞ்சு, ஆறு, ஏழு மூணும் கேச்சுலயே போச்சு. மெமரில எப்பவோ எறங்கியிருந்த நாலு மட்டும் மிஞ்சுச்சு.”

“யாரு?” என்றார் முதல்வர்.

எழிலரசி காக்கி உறையை மேசையில் வைத்தாள்.

“வியாழன் மாலை அஞ்சரைக்கு சீல் வச்ச உறை. திங்கக்கிழமை கிழிச்சு குப்பையில போட்டது. மேல பச்சை மையில 03.36, 7. இந்தக் கோப்பை எத்தன தடவ ஏத்துனாலும் நாலுதான் வரும். ஏழுங்கிற எண் இருந்த எடம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு அய்யனார் அனுப்புன போட்டோ, அத வினோதினி பார்த்தது மாலை ஏழு மணிக்கு. இன்னொண்ணு, காலைல 8.50-லேருந்து மெஷின அணைக்கிற வரைக்கும் அந்தத் திரை. ஏழுன்னு முன்கூட்டி யாராலயும் ஊகிக்க முடியாது. அப்போ அஞ்சரைக்கு ஏழுன்னு எழுதுன கை, காலைல அந்தத் திரை முன்னாடி இருந்திருக்கணும்.”

முதல்வர் குனிந்து உறையின் மேல் இருந்த எண்களைப் படித்தார்.

“பேராசிரியர் ஞானசேகரன் ஏழரை பஸ்ஸுல போனதா எழுதிக் கொடுத்திருக்கார். அவர் போன கூட்டம் ஆரம்பிச்சது பதினொண்ணே காலுக்கு. ஒன்பதரைக்குக் கிளம்பியிருந்தாலும் போயிருக்கலாம். ஏழுங்கிற எண்ணையே திங்கக்கிழமைதான் முதல்ல பார்த்ததாவும் எழுதிக் கொடுத்திருக்கார். அதுக்குக் கீழயும் பச்சை மைதான்.”

ஞானசேகரன் உறையை எடுக்கவில்லை. தூரத்திலிருந்தே தன் கையெழுத்தைப் பார்த்தார்.

“எழுதுனது ஞாபகமே இல்ல” என்றார். “கை பழக்கத்துல எழுதியிருக்கு.”

பிறகு சொன்னார். அவருடைய சொந்த ஓட்டம் பதினான்காவது நாளில் இருந்தது. மின்நிறுத்தம் என்று தெரிந்து, பஸ்ஸுக்குப் போகும் வழியில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். யூபிஎஸ் கத்தியது. ஒன்றை அணைத்தால் மற்றது பிழைக்கும் என்ற நிலை.

“ஒன்னோடத சேமிச்சுட்டுத்தான் அணைச்சேன் வினோதினி. கெடுக்கணும்னு இல்ல. நான் படிச்ச காலத்து சிமுலேட்டர்ல கேச்சே கெடையாது. மெமரிய எடுத்தா எல்லாம் வந்தாச்சு. அதே நெனப்புல பட்டனத் தட்டிட்டேன்.”

“திங்கக்கிழமை நாலுன்னு வந்ததும் உங்களுக்குப் புரிஞ்சிருக்கும் சார்” என்றாள் வினோதினி.

“புரிஞ்சுது.”

“அப்பச் சொல்லியிருக்கலாமே.”

“ஆன் டியூட்டி போட்டுட்டு இங்க இருந்தது தெரிஞ்சிடும். என் மெஷினுக்காக ஒன்னோடத அணைச்சதும் தெரிஞ்சிடும்.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. “நாலு நாளா தெனம் சொல்லிடலாம்னுதான் வந்தேன்.”



தேர்வாளர் தொண்டையைச் செருமினார். “இவர் சொன்னதால குற்றச்சாட்டு போச்சு. ஆனா ஏழு நிஜமா வந்துச்சுங்கிறதுக்கு ஒரு போட்டோவும் ஒரு உறையும்தான் இருக்கு. பட்டம் குடுக்க அது போதாதும்மா. மெஷின் காட்டணும். மறுபடியும் ஒம்போது நாளா?”

சுவரோரம் இருந்த அருள்முருகன் கையைத் தூக்கினான். “எங்கிட்ட இருக்குறது கேச் முழுசா காலியானப்புறம் எறக்குனது சார். இருபத்தாறு நிமிஷம். அதுலேருந்து ஓட்டுனா இருபத்தஞ்சு மணி நேரம்தான். எது எப்பக் கூப்பிடணுங்கிறதும் அந்த மெமரிலயே இருக்கு, அதே மாதிரிதான் வரும்.”

“திருடுனதா?” என்றார் முதல்வர்.

“திருடுனதுதான் சார்.”

“ஏத்துடா” என்றாள் வினோதினி.

மாலை 3.50-க்கு அது ஓடத் தொடங்கியது. அய்யனார் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனார். ஞானசேகரன் தன் மெஷினைத் தானே அணைத்தார். யாரும் அவரிடம் அணைக்கச் சொல்லியிருக்கவில்லை.

*

சனிக்கிழமை, மாலை 4.50.

எழிலரசி மறுபடி வந்திருந்தாள். வாக்குமூலங்களில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. ஆய்வகத்தில் நாற்காலி போதாமல் ஏட்டு யூபிஎஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அய்யனார் அவரை எழுப்பிவிட்டார்.

காலையில் ஐந்து வந்திருந்தது. மதியம் ஆறு. 

4.51-க்குத் திரை மாறியது. உள்கடிகாரம் 03.36. எண்ணிக்கை 7.

தேர்வாளர் போட்டோவையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தன் குறிப்பை எடுத்து, பழைய வரியை ஒரே கோட்டில் அடித்தார். ஓரத்தில் கையெழுத்திட்டார்.

“வாழ்த்துகள் டாக்டர்” என்றார். “இத சேமிச்சு எனக்கு ஒரு நகல் குடுத்துடும்மா. அஞ்சரைக்கு ரயில்.”

வினோதினி சேமிக்கச் சொல்லித் தட்டினாள். காத்திருக்கவும் என்று திரை சொன்னது.

ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“தெரியாது சார். இப்பவே முடியலாம். இன்னும் அரை மணி ஆனாலும் ஆவும்.”

“ஆட்டோவுல ஸ்டேஷனுக்கு எவ்வளவு நேரம்?”

“பதினஞ்சு நிமிஷம்” என்றான் அருள்முருகன்.

தேர்வாளர் திரையைப் பார்த்தார். விசைப்பலகை அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் நாற்காலியை ஒரு அடி பின்னால் இழுத்துப் போட்டு, பையைத் தரையில் வைத்தார்.

“அடுத்த ரயில் எப்ப?” என்று கேட்டார்.